கிணற்றடிக் காணி

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் நல்ல சுகம். கறுத்தக்கொழும்பான் மாமரம் இம்முறை நன்றாகக் காய் பிடித்திருக்கிறது, அணில் விட்டுவைத்தால் சரி. இரண்டு கிழமையாக நீ போன் எடுக்கவில்லை. வேலை அதிகமாக இருக்கும் என்று அம்மாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன். நேரத்துக்குச் சாப்பிடு.

உன்னைப்போலக் கஞ்சா வளர்க்கச் சிறிய அனுமதி வைத்திருப்பவர்கள் 200 சதுர மீற்றருக்குப் பதிலாக இனி 800 வரை நடலாம் என்று கனடாவில் சட்டத்தை மாற்றியிருக்கிறார்களாம். அக்கா சொன்னாள். நம் கணக்கில் ஒரு பரப்புக்கும் குறைந்த நிலம் மூன்று பரப்பைத் தாண்டுகிறது. நல்ல செய்திதான். கடற்கரையில் கேரள கஞ்சா பிடிபட்டது என்று இங்கே அடிக்கடி பேப்பரில் வருகிறது. அதே செடியை என் மகன் அரசாங்க அனுமதியோடு வெட்டவெளியில் வளர்க்கிறான் என்று நினைத்தால் சிரிப்பும் வரும், பெருமையும் வரும். கோயிலடியில் கேட்பவர்களுக்கு மூலிகைத் தோட்டம் என்றுதான் சொல்கிறேன். அம்மாவுக்கும் அப்படித்தான்.

ஆனால் 800 நடலாம் என்றால் 800உம் நட வேண்டுமா? பகல் குறுகும்போதுதான் பூக்கும் என்று நீதான் சொன்னாய். அப்படியானால் எல்லாம் ஒன்றாக வெட்டுக்கு வரும். உனக்கு மட்டுமல்ல, அந்தப் பக்கம் வெளியில் நட்ட எல்லாருக்கும். அதுவும் மழையும் உறைபனியும் வரும் நேரத்தில். பூவுக்குள் ஈரம் நின்றால் பூஞ்சணம் பிடித்துவிடும். அப்பப்பா புகையிலைக் கன்று வாங்கப் போகுமுன் தோட்டத்துக்குப் போகமாட்டார், இலை உலர்த்தும் குடிலுக்குள் போவார். குனிந்து நுழைந்து, குறுக்குத் தடிகளைச் சாண் சாணாக அளந்து, எத்தனை இலை தொங்கும் என்று பார்த்த பிறகுதான் கன்றுக்குச் சொல்வார். உன் உலர்த்தும் அறை போன வருடத்து அறைதானே? கிராமுக்கு ஒரு டொலர் வரி வேறு. விலை விழும்போது அந்த ஒரு டொலர் விழாது.

நான் தடுக்கவில்லை. நீ படித்தவன். கிணற்றடிக் காணியை யாராவது வாங்குவார்களா என்று அக்காவிடம் விசாரித்தாயாம். என்னிடமே கேட்டிருக்கலாம்.

அம்மாவின் காப்புச் சோடி தொண்ணூற்றைந்து இடப்பெயர்வில் போனது என்று உனக்குச் சொல்லியிருக்கிறோம். அது பொய். வெளிநாட்டு மிளகாய் வராமல் தடுத்திருந்த காலத்தில் ஆறு பரப்பு மிளகாயில்தான் இந்தக் கல்வீட்டுக்கு அத்திவாரம் போட்டேன். அதோடு நின்றிருக்கலாம். 1977இல் காப்பை அடகு வைத்து இன்னும் பத்துப் பரப்பைக் குத்தகைக்கு எடுத்தேன். அந்த வருடமே ஆட்சி மாறி, இறக்குமதியைத் திறந்துவிட்டார்கள். செத்தல் மிளகாய்ச் சாக்குகள் விறாந்தையில் முகடு முட்ட நின்றன. வந்த வியாபாரி ஒரு பிடி அள்ளி முகர்ந்து பார்த்துவிட்டு, விலை பேசாமலே சைக்கிளில் ஏறினான். அப்பப்பா குடிலைப் பார்த்து நட்டவர். நான் எதிர்வீட்டுக்காரன் எழுப்பிய மாடியைப் பார்த்து நட்டேன். காப்பை மீட்கவே முடியவில்லை. அம்மா இன்றுவரை அதைப் பற்றி ஒரு சொல் கேட்டதில்லை.

காணி உறுதி அலுமாரியில்தான் இருக்கிறது. வேண்டுமானால் கையெழுத்து வைக்கிறேன். முதலில் அந்த அறையில் எவ்வளவு தொங்கும் என்று அளந்து சொல். வெள்ளிக்கிழமை பின்னேரம் எடு, அம்மா கோயிலுக்குப் போயிருப்பாள். காப்பு விஷயம் எழுதியது அவளுக்குத் தெரியாது. நேரத்துக்குச் சாப்பிடு.

அப்பா