என்ஜின் ஆயிலின் கிரேடைப் பில்லில் எழுதுங்கள்: கார் சர்வீஸ் நிலையங்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டில் கார் சர்வீஸ் நிலையங்களையும் ஒர்க்‌ஷாப்புகளையும் நடத்துவோருக்கும், அவற்றில் சர்வீஸ் அட்வைசர்களாகவும் மெக்கானிக்குகளாகவும் பணிபுரிவோருக்கும் வணக்கம்.

இத்தனை காலம் மினரல் ஆயிலில் (கச்சா எண்ணெயைச் சுத்திகரித்து எடுப்பது) ஓடிய காரைச் சிந்தடிக் ஆயிலுக்கு (வேதிமுறையில் மேம்படுத்தித் தயாரிப்பது) மாற்றலாமா என்று கேட்டு வருபவருக்கு உங்களிடம் பெரும்பாலும் இரண்டில் ஒரு பதில்தான் கிடைக்கிறது. பெரிய சர்வீஸ் நிலையமாக இருந்தால், அவர் வாய் திறக்கும் முன்பே எஸ்டிமேட்டில் சிந்தடிக் ஏறியிருக்கும். அதற்குக் கீழே என்ஜின் ஃபிளஷ், அதாவது என்ஜினின் உட்புறத்தைக் கழுவும் திரவம், என்று ஒரு தொகையும் சேர்ந்திருக்கும். தெருமுனை ஒர்க்‌ஷாப்பாக இருந்தால், "பழைய வண்டிக்கு அதெல்லாம் ஊத்தாதீங்க சார், சீல் எல்லாம் ஒழுக ஆரம்பிச்சிடும், அப்புறம் திரும்பப் பழைய ஆயிலுக்கு வரவே முடியாது" என்ற எச்சரிக்கை வரும். இரண்டு பதில்களும் காரின் டேஷ்போர்டுக்குள் கிடக்கும் கையேட்டைப் புரட்டாமலே சொல்லப்படுகின்றன. நான் கேட்பது இவ்வளவுதான்: எந்த ஆயில் என்பதை அந்தக் கையேடு கூறும் கிரேடையும் (ஆயிலின் தடிமனைக் காட்டும் 5டபிள்யூ-30 போன்ற எண்) தரக்குறியீட்டையும் (எந்தத் தரத்தில் தேறியது என்பதைக் காட்டும் ஏபிஐ எஸ்பி போன்ற எழுத்து) கொண்டு முடிவு செய்யுங்கள், ஊற்றிய ஆயிலின் கிரேடையும் குறியீட்டையும் பில்லில் எழுதிக் கொடுங்கள்.

அண்மையில் எனக்குக் கிடைத்த பில் ஒன்றில் "என்ஜின் ஆயில், சிந்தடிக், 3.5 லிட்டர்" என்று மட்டும் இருந்தது. அது 0டபிள்யூ-16 ஆ, 5டபிள்யூ-30 ஆ, 5டபிள்யூ-40 ஆ என்று கவுன்ட்டரில் கேட்டேன். "நல்ல ஆயில்தான் சார், ஃபுல்லி சிந்தடிக்" என்றார் அட்வைசர். கூடுதல் விலை கொடுத்தவருக்கு அதற்கு மேல் தெரிந்துகொள்ள வழியில்லை. அடுத்த முறை வேறொரு மெக்கானிக்கிடம் போனால், உள்ளே இருப்பது என்ன என்று அவருக்கும் தெரியாது.

சிந்தடிக் என்றாலே மெல்லிய ஆயில், அதனால்தான் ஒழுகுகிறது என்ற பேச்சை முதலில் எடுத்துக்கொள்கிறேன். ஆயிலின் தடிமனை வகைப்படுத்தும் எஸ்ஏஇ அளவுகோலில் கடைசியில் 30 என்று முடியும் எந்த ஆயிலும் 100 டிகிரி செல்சியஸில் 9.3 சென்டிஸ்டோக்கிலிருந்து (தடிமனை அளக்கும் அலகு) 12.5-க்குள் இருக்க வேண்டும். 40 என்றால் 12.5-லிருந்து 16.3-க்குள். மினரலுக்கு ஓர் அளவு, சிந்தடிக்குக்கு ஓர் அளவு என்று அங்கே பிரித்து வைக்கவில்லை. சூடேறி ஓடும் என்ஜினுக்குள் இரண்டு ஆயில்களும் ஒரே கிரேடாக இருந்தால், ஒன்று மட்டும் தண்ணீராக ஓடிவிடாது. 1970-களில் வெளிநாடுகளில் விற்பனைக்கு வந்த முதல் சிந்தடிக் ஆயில்களில் சில, ஆயில் வெளியேறாமல் தடுக்கும் அன்றைய ரப்பர் சீல்களைச் சுருங்கவிட்டன என்பது உண்மைதான். அந்தக் கதையே இன்றுவரை வாய்வழியாக வந்துகொண்டிருக்கிறது. இன்று ஏபிஐ (அமெரிக்கப் பெட்ரோலிய நிறுவனம்) போன்ற அமைப்புகளின் தரக்குறியீடு பெறும் ஆயில், சீல்களோடு ஒத்துப்போகிறதா என்ற சோதனையையும் தாண்டித்தான் வருகிறது. ஆயினும் வயதான என்ஜினில் சீல் ஏற்கெனவே இறுகி, வெடித்து, அந்த இடைவெளியைக் கசடு அடைத்துக்கொண்டிருந்தால், புதிய ஆயிலின் சுத்திகரிக்கும் சேர்மானங்கள் கசடைக் கரைக்கும்போது ஒழுகல் வெளியே தெரியும். ஆகவே ஆயிலை மாற்றுவதற்கு முன், வண்டி லிஃப்டில் இருக்கும்போதே வால்வு கவர் கேஸ்கெட்டையும் கிராங்க்‌ஷாஃப்ட் சீலையும் என்ஜினின் அடியில் ஆயில் தேங்கும் தொட்டியான ஆயில் பேனையும் ஒரு பார்வை பார்த்து, ஈரம் இருந்தால் உரிமையாளரைக் கூப்பிட்டுக் காட்டிவிடுவது நல்லது. பின்னர் வரும் சண்டையில் பாதி அங்கேயே தீர்ந்துவிடும்.

திரும்ப மினரலுக்கு வர முடியாது என்பதற்கு அடிப்படையே இல்லை. நீங்களே நாள்தோறும் விற்கும் செமி சிந்தடிக் இரண்டும் கலந்ததுதானே? தரக்குறியீடு பெற்ற என்ஜின் ஆயில்கள் ஒன்றோடொன்று பிரியாமல் கலக்க வேண்டும் என்பதும் அந்தத் தரத்தின் நிபந்தனைகளுள் ஒன்று. டிரெய்ன் போல்ட்டைக் கழற்றி எவ்வளவு நேரம் வடியவிட்டாலும் பழைய ஆயிலில் கொஞ்சம் உள்ளே தங்கத்தான் செய்யும். அதனால் கெடுதல் இல்லை. ஃபில்டரை மட்டும் கட்டாயம் மாற்ற வேண்டும்.

இனி ஃபிளஷ். ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து, செல்போன் டார்ச்சை உள்ளே அடித்துப் பார்த்தால் போதும். உலோகத்தின் மேல் தேன் நிறத்தில் மெல்லிய படலம் இருந்தால் அந்த என்ஜின் ஒழுங்காகப் பராமரிக்கப்பட்டது. அதற்கு ஃபிளஷ் வீண் செலவு. கருப்பாகக் களிம்பு போலத் திரண்டு, விரல் நுனியில் ஒட்டி வந்தால் அது கசடு. அத்தகைய என்ஜினில் ஃபிளஷ் ஊற்றிக் கால் மணி நேரம் ஓடவிடுவது ஆபத்தானது: பெயர்ந்த கட்டிகள் ஆயில் பேனில் உள்ள வடிகட்டியில் போய் அடைத்துக்கொண்டால் பம்புக்கு ஆயில் ஏறாது. அங்கே செய்ய வேண்டியது, புதிய ஆயிலை வழக்கத்துக்கு முன்னதாகவே ஒரு முறை ஃபில்டரோடு சேர்த்து மாற்றி, கசடை மெதுவாக இறக்குவதுதான். முதல் பில்லிலேயே ஃபிளஷை ஏற்றுவதற்கு முன் அந்த மூடியைத் திறந்து காட்டுங்கள் என்று கேட்பது அதிகப்படியான கோரிக்கை ஆகாது என நம்புகிறேன்.

அப்படியென்றால் சிந்தடிக்கால் நம் ஊரில் என்ன பயன்? 5டபிள்யூ என்ற எழுத்து, மைனஸ் 30 டிகிரியில் என்ஜினைச் சுற்ற முடிகிறதா என்ற சோதனையிலிருந்து வருவது. வேலூருக்கும் மதுரைக்கும் அந்தக் கவலை இல்லை. நமக்கு உதவுவது அது வெப்பத்தைத் தாங்கும் குணம். மே மாதத்தில் ஏசி ஓட, டிராஃபிக்கில் நின்று நின்று நகரும் காரில், அதிலும் டர்போ வைத்த சிறிய பெட்ரோல் என்ஜினில், மினரல் ஆயில் விரைவில் ஆக்சிஜனேற்றம் அடைந்து தடிக்கிறது, ஆவியாகவும் செய்கிறது. அத்தகைய கார்களுக்கு மாற்றம் செலவுக்குத் தகுந்த பலன் தரும். 2020-இல் வந்த ஏபிஐ எஸ்பி தரம், இந்த டர்போ என்ஜின்களில் நேரம் தவறி எரிபொருள் பற்றிக்கொள்வதையும் டைமிங் செயின் தேய்மானத்தையும் கணக்கில் எடுத்தே வகுக்கப்பட்டது. ஆனால் கையேட்டில் 20டபிள்யூ-40 என்று இருக்கும், வாரம் ஒருமுறை கோயிலுக்குப் போய் வரும் பழைய காருக்கு, விலை உயர்ந்த 0டபிள்யூ-20 ஊற்றி எதைச் சாதிக்கப்போகிறோம்? ஆயில் குறையும் வேகம் கூடுவதுதான் மிச்சம். (காருக்கு வாங்கியதில் மிச்சம் இருக்கிறது என்று அதே ஆயிலைப் பைக்கில் ஊற்றச் சொல்லும் பழக்கத்தையும் தயவுசெய்து விடுங்கள், பைக்கின் கிளட்ச் என்ஜின் ஆயிலிலேயே மூழ்கிக் கிடக்கிறது, அதற்கு ஜேஏஎஸ்ஓ எம்ஏ என்று தனி ஜப்பானியத் தரக்குறியீடு உண்டு.)

சிந்தடிக் என்ற முத்திரையை மட்டும் நம்பினால் எவ்வளவு பெரிய செலவு வரும் என்பதை டீசல் கார்களில் காணலாம். 2020 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த பிஎஸ்6 விதியால் டீசல் கார்களின் புகைக்குழாயில் டிபிஎஃப் என்னும் புகைத்துகள் வடிகட்டி வந்தது. அதில் சேரும் கரி, வண்டி நெடுஞ்சாலையில் ஓடும்போது எரிந்து போய்விடும். ஆனால் ஆயிலின் சேர்மானங்கள் எரியும்போது விட்டுச்செல்லும் சாம்பல் எரிவதில்லை, அங்கேயே தங்கி அடைக்கிறது. அதனால்தான் இத்தகைய என்ஜின்களுக்குச் சாம்பல் குறைந்த, ஐரோப்பிய கார் உற்பத்தியாளர் சங்கமான ஏசிஇஏவின் வகைப்பாட்டில் சி என்று தொடங்கும் ஆயில்களைக் கேட்கிறார்கள். அதே வகைப்பாட்டில், சாம்பல் குறைக்கப்படாத ஏ3/பி4 குறியீடு மட்டும் உள்ள ஆயிலும் ஃபுல்லி சிந்தடிக்தான், அதுவும் 5டபிள்யூ-30 கிரேடிலேயே கிடைக்கிறது, தரமானதும்கூட. ஆனால் அதைத் தொடர்ந்து டிபிஎஃப் உள்ள காரில் ஊற்றினால், மினரலிலிருந்து மேம்பட்ட ஆயிலுக்கு மாறிவிட்டோம் என்று மகிழ்ந்தவர் சில ஆண்டுகளில் வடிகட்டியையே மாற்ற வேண்டியிருக்கும். இந்த வேறுபாடு கேனின் முன்பக்கத்தில் தெரியாது. பின்பக்கத்துச் சிறிய எழுத்துகளில்தான் இருக்கிறது.

சிந்தடிக் ஊற்றினால் 15,000 கிலோமீட்டர் வரை கவலையில்லை என்று சிலர் உறுதி கொடுக்கிறீர்கள். கையேடு 10,000 கிலோமீட்டர் அல்லது ஓராண்டு, இவற்றில் எது முந்துகிறதோ அது என்று சொன்னால், ஆயில் மாறியதால் அந்தக் கணக்கு மாறாது. இரண்டு கிலோமீட்டர் தள்ளியுள்ள பள்ளிக்கும் சந்தைக்கும் மட்டுமே போகும் காரின் என்ஜின் முழுமையாகச் சூடாவதே இல்லை. ஆயிலில் சேரும் ஈரமும் பெட்ரோலும் ஆவியாகி வெளியேற வாய்ப்பில்லை. எவ்வளவு உயர்ந்த ஆயிலாலும் அதைத் தடுக்க முடியாது.

வாடிக்கையாளர் சரியான கிரேடு ஆயிலைத் தானே வாங்கி வந்தால் வாரண்டி போய்விடும் என்று மிரட்டுவதையும் கைவிட வேண்டும். 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்கள் தொடர்பான வழக்கில், வெளி ஒர்க்‌ஷாப்பில் காரைப் பழுதுபார்க்கக் கொடுத்தார் என்ற ஒரே காரணத்துக்காக வாரண்டியை ஒட்டுமொத்தமாக ரத்து செய்யும் நிபந்தனை கூடாது என்று உத்தரவிட்டது. அவ்வுத்தரவு பின்னர் மேல்முறையீடுகளுக்குப் போனது வேறு விஷயம். தவறான ஆயிலால் பழுது வந்தது என்று நிறுவனம் சொன்னால், ஊற்றியது எது என்பதற்குச் சான்று வேண்டுமல்லவா? அந்தச் சான்று நீங்கள் கொடுக்கும் பில்லில் இருக்கட்டும்.

"என்ஜின் ஆயில் 5டபிள்யூ-30, ஏபிஐ எஸ்பி, 3.5 லிட்டர், ஃபில்டர் மாற்றப்பட்டது", அதற்குப் பக்கத்தில் ஆயிலின் பிராண்டும் ஓடோமீட்டரின் எண்ணும்: பில்லில் இதற்கு ஒரு வரி போதும். டிரம்மிலிருந்து ஊற்றுவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை, டிரம்மின் மேல் உள்ள லேபிளை வாடிக்கையாளர் பார்க்கலாம் என்றால். கேனிலிருந்து ஊற்றினால், சீல் பிரிப்பதை அவர் முன்னால் செய்து, மீதமிருப்பதை அவரிடமே கொடுத்துவிடுங்கள். உங்கள் பில்லிங் மென்பொருளில் கிரேடுக்கு இடம் இல்லையென்றால், அது வரும்வரை ஜாப் கார்டின் ஓரத்தில் பேனாவால் எழுதிக் கையொப்பமிட்டுக் கொடுத்தாலும் நாங்கள் ஏற்றுக்கொள்வோம்.

இப்படிக்கு,
உங்களிடம் சர்வீஸுக்கு வரும் கார் உரிமையாளர்களுள் ஒருவர்