ஞாயிறு திரையிடல்: கான்ராட் வைட்

உறுப்பினர்களுக்கு வணக்கம். ஞாயிறு மாலை 'டாக்டர் கலிகாரியின் அறை' (1920) பார்க்கவிருக்கிறோம். ஜெர்மனியின் மௌனப்படம். தூக்கத்தில் நடக்கும் சேசரேயாக வரும் கான்ராட் வைட்டை உன்னிப்பாகக் கவனியுங்கள். பெட்டிக்குள் நின்றபடி அவர் மெல்ல மெல்லக் கண்திறக்கும் அந்த அண்மைக் காட்சி ஒன்றே போதும்!

1893இல் பெர்லினில் பிறந்தவர். மாக்ஸ் ரைன்ஹார்ட்டின் நாடக அரங்கில் தேர்ந்தவர். நாஜிகள் ஆட்சியில் இனம் கேட்ட படிவத்தில், யூதரல்லாத அவர் 'யூதர்' என்றே எழுதினார். மனைவி லில்லி யூத வம்சாவளியினர். 1933இல் இருவரும் இங்கிலாந்து சென்றார்கள். புகழின் உச்சியில் இருந்தவருக்கு என்ன நெஞ்சுரம்! பின்னர் ஹாலிவுட்டில், 'காஸாபிளாங்கா'வில் நாஜி அதிகாரியாக நடித்தார். 1943இல், 50 வயதில் மாரடைப்பால் இறந்தார்.

வர இயலாதவர்கள் சனிக்கிழமைக்குள் தெரிவித்துவிடுங்கள்.