கன்னியாகுமரி படகுப் பயணம்: பெற்றோர் கவனத்துக்கு

அன்புள்ள பெற்றோருக்கு, வணக்கம்.

ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் 42 பேரும் பிப்ரவரியில் கன்னியாகுமரிக்குக் கல்விச் சுற்றுலா போகிறார்கள். தருமபுரி வழியாக ஓடும் 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை போய் முடிகிற ஊர்; தருமபுரியிலிருந்து ஏறக்குறைய 540 கிலோமீட்டர். தொப்பூர்க் கணவாயை இருட்டில் கடக்கக் கூடாது என்பதால் வெள்ளிக்கிழமை விடிந்த பிறகே பேருந்து புறப்படும். சனிக்கிழமை காலை படகு. ஞாயிறு பகலிலேயே திரும்பிவிடுவோம்.

"ஒகேனக்கல் பரிசலில் போனவன்தானே, பயமில்லை" என்று சிலர் சொன்னீர்கள். பரிசல் சுழலும், கடல் படகோ ஏறி இறங்கும். வயிற்றைப் புரட்டுவது அந்த ஏற்ற இறக்கம்தான். அன்று காலை பூரி, வடை கிடையாது. படகுக்கு ஒன்றரை மணி நேரம் முன்பே இட்லி கொடுத்துவிடுவோம். வெறும் வயிறும் ஆகாது, அதிலும் குமட்டும். படகில் குனிந்து செல்போன் பார்க்காமல் தூரத்துக் கரையைப் பார்க்கச் சொல்லுங்கள்.

விவேகானந்தர் பாறைக்குப் பூம்புகார் கப்பல் போக்குவரத்துக் கழகப் படகில் போவோம். சில நிமிடப் பயணம்தான். வரிசையில் நிற்பதுதான் நீளும். கூட்டத்தில் வகுப்பு இரண்டு படகாகப் பிரிந்துவிடலாம் என்பதால் பத்துப் பதினோரு பேருக்கு ஓர் ஆசிரியர் உடன் நிற்பார். ஏறும்முன் ஒருமுறை, இறங்கியதும் ஒருமுறை எண்ணுவோம்.

லைஃப் ஜாக்கெட்டைத் தோளில் மாட்டினால் மட்டும் போதாது. பெரியவர்கள் அளவுக்குத் தைத்தது சின்ன உடம்பில் தொளதொளக்கும். தண்ணீரில் ஜாக்கெட் மேலே மிதக்க, பிள்ளை கீழே நழுவிவிடும். ஒவ்வொரு வாரையும் இழுத்துக் கொக்கி மாட்டியபின் ஆசிரியர் தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்கிப் பார்ப்பார். தாடையைத் தாண்டி ஏறினால் அவிழ்த்து மறுபடி இறுக்குவோம்.

படகு துறைக்குச் சமமாக எழும்போதுதான் கால் வைக்க வேண்டும். படகுக்கும் சுவருக்கும் இடையே கை போகவே கூடாது. படம் எடுக்க எல்லாரும் ஒரே பக்கம் எழுந்து போனால் படகு அந்தப் பக்கம் சாயும். உட்கார்ந்த இடத்தைவிட்டு எழக் கூடாது என்று வீட்டிலும் சொல்லிவையுங்கள்.

பாறையிலிருந்து 133 அடி வள்ளுவர் சிலைக்கு 77 மீட்டர் கண்ணாடிப் பாலத்தில் நடந்தே போகலாம். நினைவு மண்டபத்தில் செருப்பைக் கழற்ற வேண்டும். வெயிலில் கல் சுடும், ஒரு ஜோடி பருத்தி சாக்ஸ் கொடுத்தனுப்புங்கள்.

பௌர்ணமி, அமாவாசையை ஒட்டிக் கடல் நீர்மட்டம் தாழ்ந்தால் படகின் அடி பாறையில் தட்டும் என்று சேவையை நிறுத்திவிடுவார்கள். அந்த நாட்களைத் தவிர்த்தே தேதி குறித்திருக்கிறோம். அப்படியும் நின்றுபோனால் கரையிலிருந்தே பார்த்துத் திரும்புவோம். வேறு எந்தப் படகிலும் ஏற்ற மாட்டோம். பிள்ளைகள் கெஞ்சினாலும் சரி.

வலிப்பு, மூச்சிழுப்பு, பேருந்திலேயே வாந்தி வரும் பழக்கம் இருந்தால் ஒப்புதல் படிவத்தில் மறைக்காமல் எழுதுங்கள். அதற்காக யாரையும் விட்டுவிட்டுப் போக மாட்டோம். மாத்திரை தருவதானால் மருத்துவரிடம் கேட்டு, பெயரும் நேரமும் எழுதி வகுப்பாசிரியர் கையில் கொடுங்கள். கையெழுத்திட்ட படிவம் வரும் புதன்கிழமைக்குள் வந்து சேர வேண்டும்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்