ஆல்பத்தில் புடவை நிறம் மாறினால் மானிட்டரையும் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கல்யாண ஆல்பத்தில் புடவையின் நிறம் மாறிவிட்டது என்று ஸ்டுடியோக்காரருக்கும் வாடிக்கையாளருக்கும் வாக்குவாதம் வரும்போது, பழி பெரும்பாலும் கேமரா மீதோ அச்சிட்ட லேப் மீதோ விழுகிறது. படத்தைத் திருத்திய மானிட்டரை யாரும் சந்தேகிப்பதில்லை. கும்பகோணத்தில் ஸ்டுடியோ நடத்தும் நானும், மணப்பெண்ணின் தாயார் ஒருவர் வாடாமல்லி நிறப் பட்டுப்புடவையையே பையில் கொண்டுவந்து ஆல்பத்தின் பக்கத்தில் விரித்துப் போடும் வரை அப்படித்தான் இருந்தேன். ஆல்பத்தில் அது செங்கல் நிறமாக இருந்தது; பெண்ணின் முகமோ நலுங்கு முடிந்த கையோடு எடுத்ததுபோல் மஞ்சளாக இருந்தது. 40 பக்கங்களையும் என் செலவிலேயே மறுபடி அச்சிட்டுக் கொடுத்தேன்.

புதிதாக வாங்கும் மானிட்டர்களில் பல, கடையில் பளிச்சென்று தெரிவதற்காகவே கூடுதல் பிரகாசத்தோடும் நீலம் கலந்த வெள்ளையோடும் வருகின்றன. நீலம் தூக்கலாகத் தெரியும் திரையில் வேலை செய்பவர் அதை ஈடுகட்ட மஞ்சளைக் கூட்டுகிறார். அந்த மஞ்சள் கோப்பில் ஏறி, அச்சில் வந்து நிற்கிறது. பிரகாசம் மிகுந்த திரையில் படம் வெளிறித் தெரிவதால் அதை இருட்டாக்குகிறார். அச்சில் மாப்பிள்ளையின் தலைமுடியும் கறுப்புக் கோட்டும் ஒரே கரித்திட்டாகிவிடுகின்றன.

லேப் தந்த மாதிரிப் படத்தைத் திரைக்கருகே பிடித்துக்கொண்டு, மானிட்டரின் பட்டன்களை அழுத்தி அழுத்திச் சரிசெய்வது எங்கள் தொழிலில் பழைய வழக்கம். அதில் எனக்கு நம்பிக்கை போய்விட்டது. நீல வெள்ளையோ மஞ்சள் வெள்ளையோ, சில நிமிடங்கள் பார்த்தால் கண் அதையே வெள்ளை என்று ஏற்றுக்கொண்டுவிடும். விண்டோஸிலேயே இருக்கும், திரையின் நிறத்தைச் சரிசெய்யும் காலிபரேஷன் வசதியும் கடைசியில் நம் கண்ணைத்தான் கேட்கிறது.

திரையின் மேல் தொங்கவிடும் கலரிமீட்டர் என்ற சிறு கருவிக்கு அந்தப் பலவீனம் கிடையாது. மானிட்டரை அரை மணி நேரம் ஓடவிட்டு, கருவியைத் திரையோடு ஒட்டினாற்போல் தொங்கவிட்டால், மென்பொருள் சிவப்பு, பச்சை, நீலம், சாம்பல் என்று ஒவ்வொரு நிறமாகக் காட்டிக்கொண்டே போக, கருவி அவற்றை அளந்து கொடுக்கிறது; வரவேண்டிய நிறத்துக்கும் உண்மையில் வந்த நிறத்துக்கும் உள்ள வித்தியாசம் திருத்தமாகவும், அந்தத் திரையின் நிற இயல்பைச் சொல்லும் புரொஃபைல் என்ற கோப்பாகவும் கணினியில் பதிவாகிவிடுகிறது. நான் வெண்மையை 6500 கெல்வின், கறுப்புக்கும் வெள்ளைக்கும் இடைப்பட்ட சாயல்கள் எவ்வளவு வெளிச்சமாகத் தெரிய வேண்டும் என்பதைக் குறிக்கும் காமாவை 2.2, பிரகாசத்தைச் சதுர மீட்டருக்கு 100 கேண்டெலா என்று வைத்திருக்கிறேன். முதல் முறை செய்து முடித்தபோது திரை பழுப்பேறிய வேட்டிபோல் தெரிந்ததால், கருவிதான் பழுது என்று நினைத்தேன். மறுநாளே கண் பழகிவிட்டது. திரையின் விளக்கு நாளாவட்டத்தில் மாறுவதால் மாதம் ஒருமுறை மறுபடி அளக்கிறேன். கட்டடத்தின் சொந்தக்காரர் ஆசையாக அடித்துக் கொடுத்திருந்த பிஸ்தா பச்சைச் சுவரையும், அது கண்ணை ஏமாற்றுகிறது என்பதால், அவரிடம் கெஞ்சிச் சாம்பல் நிறமாக்கிவிட்டேன்.

இக்கருவியின் விலை சிறு ஸ்டுடியோவுக்குச் சுமைதான். ஆனால் ஒரு மானிட்டருக்கு மாதத்தில் ஒரு மணி நேரம்கூடத் தேவைப்படாத கருவியை ஆளுக்கொன்று வாங்க வேண்டியதில்லை. ஊர்தோறும் உள்ள புகைப்படக் கலைஞர் சங்கங்கள் ஒன்றை வாங்கி உறுப்பினர்களுக்கு முறைவைத்துக் கொடுக்கலாம். படத் திருத்தம் கற்பிக்கும் கல்லூரிகளும் மென்பொருளைச் சொல்லித்தரும் முன்பு, ஆய்வகத்தில் வரிசையாக இருக்கும் பத்து மானிட்டர்களில் ஒரே படத்தைத் திறந்து மாணவர்களுக்குக் காட்ட வேண்டும்; பத்தும் பத்து விதமாகத் தெரியும்.

வாடிக்கையாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள். நிறங்களைத் தூக்கிக் காட்டும் கைபேசித் திரையை வைத்து ஆல்பத்தை எடைபோடாமல், அந்தத் தாயார் செய்ததுபோல் புடவையையே எடுத்து வாருங்கள். இரண்டையும் பகல் வெளிச்சத்தில் வைத்துப் பார்ப்போம்.

இப்படிக்கு,
ஸ்டுடியோ உரிமையாளர் ஒருவர்,
கும்பகோணம்.