'தள்ளிப்போடு' என்று யாராவது சொல்லியிருந்தால்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற வாரம் உங்கள் மாணவர் பக்கத்தில் ஆங்கில ஃப்ரேசல் வெர்ப்கள் (வினையோடு அப், ஆஃப் மாதிரிச் சின்னச் சொல் சேர்ந்து வேறு பொருள் தருபவை) நாற்பதை அட்டவணையாகப் போட்டிருந்தீர்கள். பத்தாம் வகுப்புப் படிக்கும் என் மகள் அதை வெட்டி நோட்டில் ஒட்டிக்கொண்டு இரண்டு நாளாக வாய்ப்பாடு மாதிரி ஒப்பித்துக்கொண்டிருக்கிறாள். அதில் ஏழாவது வரி 'புட் ஆஃப் – ஒத்திவை'. பொருள் சரிதான். ஆனால் அந்த ஒரு வரியைப் பார்த்ததும் எனக்கு 2018ஆம் ஆண்டு ஜூன் மாதம் கண்முன் வந்துவிட்டது. அதனால்தான் எழுதுகிறேன்.

கிருஷ்ணகிரிக்கும் காவேரிப்பட்டணத்துக்கும் நடுவில் உள்ள ஒரு மாங்கூழ் தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டு லேபில் பதினேழு வருடமாக வேலை பார்க்கிறேன். பிளஸ் டூ வரை தமிழ் மீடியம். அப்புறம் கெமிஸ்ட்ரி பட்டப்படிப்பு. அந்த வருடம் ஸ்பெயினிலிருந்து புது அசெப்டிக் ஃபில்லர் வாங்கியிருந்தோம். கிருமி நீக்கிய கூழை வெளிக்காற்றுப் படாமல் பையில் நிரப்பும் இயந்திரம் அது. வியாழக்கிழமை சோதனை ஓட்டம் என்று பேச்சு. அதற்குப் பதமாக வரும்படி மூன்று லாரி பெங்களூரா மாம்பழம், 24 டன், யார்டில் அடுக்கிப் பழுக்க வைத்திருந்தோம்.

செவ்வாய்க்கிழமை காலை இயந்திரக் கம்பெனியின் இங்கிலாந்து அலுவலகத்திலிருந்து ஒரு மெயில் வந்தது. 'வி ஹேவ் புட் ஆஃப் த ஃபில்லர் ட்ரையல்' என்று ஒரு வரி, விவரம் பிறகு அனுப்புகிறோம் என்று இன்னொரு வரி. மெயிலைப் படித்துச் சொல்வது என் பொறுப்பு. கல்லூரி விடுதியில் மூன்று வருடம் ராத்திரி ஒன்பதரை ஆனால் 'புட் ஆஃப் த லைட்ஸ்' என்று வார்டன் குரல் கேட்கும். எனக்கு புட் ஆஃப் என்றால் அணைப்பது, அவ்வளவுதான். கம்பெனிக்காரர்கள் அந்த வாரம் முழுக்க இணையம் வழியாகக் கண்ட்ரோல் பேனலைச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். சரி, சோதனையை முடித்து அணைத்துவிட்டார்கள், இனி ஆள் வரவேண்டியதுதான் பாக்கி என்று புரிந்துகொண்டேன். யார்டு மேஸ்திரியிடம், பழம் அப்படியே இருக்கட்டும் அண்ணே என்று நானே போய்ச் சொன்னேன்.

வியாழன் போனது, வெள்ளி போனது. பொறியாளர் திங்கட்கிழமைதான் வந்து சேர்ந்தார். அதற்குள் பழங்கள் காம்புப் பக்கம் கறுக்க ஆரம்பித்துவிட்டன. பெண்கள் இரண்டு ராத்திரி உட்கார்ந்து கறுத்த பக்கத்தை வெட்டி வெட்டிப் போட்டார்கள். நல்லதைப் பழைய லைனில் 3.1 கிலோ டின்களில் அடைத்தோம். ஆனாலும் ஏழு டன் குழிக்குப் போனது. செவ்வாய்க்கிழமையே எனக்குச் சரியாகப் புரிந்திருந்தால், அன்றிலிருந்தே பழைய லைனில் கொஞ்சம் கொஞ்சமாக ஓட்டி முழுவதையும் காப்பாற்றியிருக்கலாம்.

வந்த பொறியாளர் ஸ்பெயினின் முர்சியா பகுதிக்காரர், ஐம்பதைத் தாண்டியவர். நடந்ததை அவரிடம் சொன்னபோது அவர் பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்தார். ஒரு பக்கம் ஆங்கில ஃப்ரேசல் வெர்ப், எதிர்ப்பக்கம் ஸ்பானிஷ். இருபது வருடமாக எழுதி வருகிறாராம். மெஷின் மேனுவல் படித்தால் தனக்குப் புரிகிறது, ஆங்கிலேயர் டீ குடித்துக்கொண்டு பேசினால்தான் புரிவதில்லை என்றார். அதன் காரணத்தையும் அவரே விளக்கினார். மேனுவலில் வரும் போஸ்ட்போன், எக்ஸ்டிங்குவிஷ், டாலரேட், டிசெண்ட் எல்லாம் லத்தீன் வழி வந்தவை. ஸ்பானிஷும் லத்தீனின் பிள்ளை. அதனால் நாம் திக்குகிற நீளமான சொல் அவருக்கு வீட்டுச் சொல். புட், கெட், டேக், கிவ் என்று ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கிற சொற்களோடு அப், ஆஃப், அவுட் சேர்ந்தால்தான் அவருக்குக் கால் இடறுகிறது. புட் வித் என்றால் ஓரளவு ஊகிக்கலாம், புட் அப் வித் என்றால் பொறுத்துக்கொள்வது என்று எங்கிருந்து ஊகிப்பது என்று கேட்டார்.

அவர் இருந்த ஒன்பது நாளும் டீ நேரத்தில் அந்த நோட்டுத்தான். மூன்றாவது பத்தியாக நான் தமிழ் எழுதினேன். அவர் முதலில் 'சுபீர்' என்று காட்டினார். பஸ்ஸில் ஏறினாலும் சுபீர், மரம் ஏறினாலும் சுபீர், விலை ஏறினாலும் சுபீர். நான் எதிரே 'ஏறு' என்று ஒரே சொல் எழுதினேன். ஆங்கிலத்தில் அதற்கு கெட் ஆன், கிளைம்ப் அப், கோ அப் என்று மூன்று வேண்டியிருக்கிறது. 'பஹார்' என்றால் இறங்கு. பஸ்ஸிலிருந்தும் இறங்கலாம், விலையும் இறங்கலாம். தீயையும் விளக்கையும் ஒரே சொல்லால் அணைப்பது அவர்களுக்கும் வழக்கம், 'அபகார்' என்கிறார்கள். பக்கத்தில் பழம் நறுக்கிக்கொண்டிருந்த தெலுங்கு பேசும் அக்கா 'எக்கு, திகு' என்றார், கன்னடம் பேசும் பெண் 'ஹத்து, இளி' என்றாள். எங்கள் மாவட்டத்தில் ஒரு மேசையில் நான்கு மொழி இருப்பது சாதாரணம். அன்று ஐந்து இருந்தது.

இது தற்செயல் இல்லை என்று பிறகு தெரிந்துகொண்டேன். லெனார்ட் டால்மி என்ற அமெரிக்க மொழியியலாளர், ஒரு மொழி அசைவின் திசையை வினையில் வைத்துச் சொல்கிறதா, பக்கத்தில் வரும் சின்னச் சொல்லில் வைத்துச் சொல்கிறதா என்பதைக் கொண்டு உலக மொழிகளைப் பிரித்திருக்கிறார். அதில் ஸ்பானிஷும் தமிழும் ஒரே பக்கம், ஆங்கிலம் எதிர்ப்பக்கம். தென்பெண்ணை ஆற்றை ஒருவன் நீந்திக் கடந்தான் என்று நாம் சொல்வோம். ஸ்பானிஷ்காரரும் கடந்தான் என்பதையே வினையாக வைத்து, நீந்தி என்பதை அதன் பக்கத்தில் ஒட்டுவார். ஆங்கிலத்தில் நீந்தினான் என்பதுதான் வினை, கடந்தது முழுவதும் அக்ராஸ் என்ற சின்னச் சொல்லுக்குள் போய்விடுகிறது. நம் பிள்ளைகள் அந்தச் சின்னச் சொல்லைக் கவனிக்காமல் விடுவது சோம்பலால் இல்லை. நம் மொழியில் திசை வினையிலேயே இருப்பதால் கண் அங்கேயே நின்றுவிடுகிறது.

இன்னொன்றும் பார்த்தேன். நம் 'வந்தேன்' மாதிரி ஸ்பானிஷ் வினையிலும் யார் வந்தது என்பது விகுதியிலேயே தெரிந்துவிடும். அதனால் அவரும் ஆங்கிலம் பேசும்போது ஹீ, இட் எல்லாவற்றையும் விழுங்கிவிட்டு 'இஸ் ஹாட்' என்பார். எழுவாய் இல்லாமல் பேசுகிறாய் என்று எங்கள் ஆங்கில ஆசிரியை பிரம்பை மேசையில் தட்டியது ஞாபகம் வந்தது. பாய்லர் ஆபரேட்டர் அண்ணன் 'இஸ்டீம்' என்பார், ஸ்பெயின்காரர் 'எஸ்டீம்' என்பார். பள்ளிக்கூடத்தை அவர்கள் மொழியில் 'எஸ்குவேலா' என்கிறார்கள், எங்கள் பாட்டி இஸ்கூல் என்றது போல. அந்த இரண்டு பேருக்கும் நடுவில் என் உதவி தேவையே படவில்லை.

இப்போது புட் ஆஃப் விஷயத்துக்கு வருகிறேன். அவர் நோட்டில் அதற்கு எதிரே 'போஸ்போனேர்' என்று இருந்தது. அதற்குள் 'போனேர்' என்று ஒரு சொல் இருக்கிறது பார், அது புட் என்று பொருள் தரும் என்று விரலால் மறைத்துக் காட்டினார். பிறகு வைப்பது, அதாவது பின்னால் போடுவது. தமிழ்ப் பத்தியில் நான் 'ஒத்திவை' என்று எழுதப் போனேன். பேனா நின்றுவிட்டது. நாங்கள் வீட்டில் அப்படிச் சொல்வதே இல்லை. கல்யாணத்தைத் தள்ளிப்போட்டார்கள் என்கிறோம். தள்ளி என்றால் ஆஃப், போடு என்றால் புட். முப்பத்தைந்து வயது வரைக்கும் இதை எனக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அந்த மெயிலைப் பார்த்தவுடன் அணைப்பதா, தள்ளிப்போடுவதா என்று ஒரு நிமிடமாவது யோசித்திருப்பேன்.

அதன் பிறகு தேடத் தேடக் கிடைத்தது. கிவ் அப் என்பது கைவிடு. கிவ் இன் என்பது விட்டுக்கொடு. இதில் கொடு அப்படியே நிற்கிறது. ரன் அவுட் என்றால் தீர்ந்துபோ. ட்ரை அவுட் என்றால் செய்து பார். அந்தப் 'பார்' கண்ணால் பார்ப்பது இல்லை என்று எந்தத் தமிழ்ப் பிள்ளைக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஈட் அப், ட்ரிங்க் அப், யூஸ் அப் இவற்றில் வரும் அப் மேலே என்று பொருள்படாது, முழுவதும் முடி என்று சொல்கிறது. சாப்பிட்டுவிடு, குடித்துவிடு என்பதில் வரும் 'விடு' அதே வேலையைத்தான் செய்கிறது. ஒரு வினையோடு இன்னொன்று சேர்ந்தால் முதல் பொருள் போய்ப் புதுப் பொருள் வரும் என்பதை நம் பிள்ளைகள் மூன்று வயதிலேயே பேசிப் பழகிவிடுகிறார்கள். பள்ளிக்கூடத்தில் துணைவினை என்று தமிழ் வகுப்பில் படிக்கிறார்கள். அடுத்த பீரியடில் ஆங்கில வகுப்பில் ஃப்ரேசல் வெர்ப் என்று படிக்கிறார்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்துக் காட்ட ஆள் இல்லை. ஸ்பெயின்காரருக்கு இந்த வசதி இவ்வளவு இல்லை. நோட்டில் என் பத்தி நிரம்ப நிரம்ப அவர் அதைப் படம் எடுத்துக்கொண்டார்.

எல்லாம் இப்படிப் பொருந்தும் என்று நான் சொல்லவில்லை. லுக் ஃபார் என்றால் தேடு, ஒரே சொல்தான். அதை மனப்பாடம்தான் செய்ய வேண்டும். மேக் அவுட் என்பதற்கு நான் இன்னும் திருப்தியாக ஒன்றும் எழுதவில்லை. ஆனால் உங்கள் அட்டவணையில் உள்ள நாற்பதையும் என் மகளோடு உட்கார்ந்து பார்த்தோம். பதினெட்டுக்குப் பேச்சுத் தமிழிலேயே இரண்டு சொல் சேர்ந்த ஜோடி கிடைத்தது. அவற்றில் பாதிக்கு மேல் நீங்கள் ஒத்திவை மாதிரி ஏட்டுச் சொல்லைப் போட்டிருக்கிறீர்கள். 'கெட் அலாங்' எதிரே 'இணக்கமாக இரு' என்று இருக்கிறது. ஒத்துப்போ என்று போட்டிருந்தால் போ என்ற வினையே பிள்ளைக்கு ஒரு பிடிமானமாக இருந்திருக்கும்.

அடுத்த அட்டவணையைத் தயாரிக்கும் ஆசிரியரிடம் இந்தக் கடிதத்தைக் காட்டுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். ஒவ்வொரு ஆங்கிலச் சொல்லுக்கும் வீட்டில் அம்மா என்ன சொல்வாள் என்று முதலில் யோசித்துவிட்டுத் தமிழ்ப் பொருள் எழுதட்டும். நாற்பது வேண்டாம், வாரம் பத்துப் போதும். பக்கத்தில் ஒரு வாக்கியம் இருந்தால் இன்னும் நல்லது.

நாங்கள் கண்டுபிடித்த பதினெட்டையும் மகள் தன் கையெழுத்தில் எழுதியிருக்கிறாள். அந்தத் தாளின் ஜெராக்ஸை இத்துடன் வைத்திருக்கிறேன். கடைசியில் மேக் அவுட் எதிரே இடம் காலியாக விட்டிருக்கிறோம். வாசகர்கள் யாராவது எழுதினால் வெளியிடுங்கள்.

வேலை பார்க்கும் இடத்தை உத்தேசித்து என் பெயரைப் போட வேண்டாம்.

இப்படிக்கு,
வாசகி ஒருவர்,
காவேரிப்பட்டணம், கிருஷ்ணகிரி மாவட்டம்.