காரை வீடுகளுக்கும் ஒரு பட்டியல் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

இங்கிலாந்தில் வேலை பார்க்கும் என் அக்கா மகன், அங்கே ஒரு கிராமத்தில் பாழடைந்து கிடக்கும் பண்ணை வீட்டின் படங்களை அனுப்பியிருந்தான். முழுக்கக் கல் வீடு, ஆள் குடியிருந்து பல வருடமாகிறது. கூரையில் ஓடு மாதிரி வேய்ந்திருந்த கல் பலகைகள் சரிந்து, அந்த இடைவெளி வழியாக மழைத் தண்ணீர் சுவருக்குள்ளேயே இறங்கியிருக்கிறது. வெளியே ஒரு வரிசைக் கல், உள்ளே ஒரு வரிசை, நடுவில் சில்லுக்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் போட்டு எழுப்பிய சுவர் அது. நடுவில் ஈரம் தங்கிவிட்டால் இரண்டு வரிசையும் வயிறு தள்ளிப் பிரிந்துவிடும். ஜன்னலுக்கு மேலிருந்த மர விட்டமும் உளுத்துத் தொங்குகிறது.

இடித்துவிட்டுப் புதிதாகக் கட்ட வேண்டியதுதானே என்று கேட்டேன். சொந்தக்காரரே ஆனாலும் முடியாதாம். 1700-க்கு முன் கட்டி, ஓரளவு பழைய உருவத்தோடு நிற்கும் கட்டடங்கள் பெரும்பாலும் அரசின் பாதுகாப்புப் பட்டியலில் ஏறிவிடுகின்றன. அனுமதி வாங்காமல் இடித்தால் அது குற்றம், சிறைத் தண்டனைகூட உண்டு. காலியாகக் கிடக்கும் வீட்டில் அவசரப் பழுதுகளை உள்ளாட்சியே பார்த்துவிட்டு உரிமையாளரிடம் செலவை வசூலிக்கலாம். அதற்காக எல்லா வீடும் பிழைத்துவிடுகிறது என்றில்லை, பணமில்லாமல் விழுகிறவை அங்கேயும் உண்டு. ஆனால் எந்த வீடு எங்கே இருக்கிறது என்பதாவது எழுத்தில் இருக்கிறது.

நம் கரைக்கு வருவோம். கீழக்கரைத் தெருக்களில் பவளக்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய காரை வீடுகள் இருக்கின்றன, திண்ணையும் முற்றமும் தேக்குக் கதவுமாக. வாரிசுகள் சென்னையிலும் வளைகுடா நாடுகளிலும் இருக்கிறார்கள், வீடு பூட்டியே கிடக்கிறது. காரை உதிர்ந்த இடத்தில் யாரோ சிமெண்டைப் பூசிவிடுகிறார்கள். உப்பும் ஈரமும் வெளியே வர வழியில்லாமல் சிமெண்டுக்குப் பின்னால் கல் மாவாகக் கொட்டுகிறது. அப்புறம் ஒரு நாள் ஜேசிபி வருகிறது. தனுஷ்கோடியில் 1964 புயலுக்குத் தப்பிய தேவாலயச் சுவர்களும் இதே பவளக்கல்தான், வருடா வருடம் கரைந்துகொண்டிருக்கின்றன.

இங்கிலாந்து வீடு விழுந்தால்கூட அதே கல்லை அடுக்கிக் கட்டலாம், போதாததை வெட்டியெடுக்கவும் வழி உண்டு. நமக்கு அதுவும் இல்லை. 2001 முதல் பவளப்பாறைகள் வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன, கடலிலிருந்து ஒரு கல்கூட எடுக்க முடியாது. அந்தத் தடை சரிதான், அது இருக்கட்டும். அதனாலேயே, நிற்கிற சுவரில் இருக்கும் கல்தான் நமக்கு மிச்சம்.

மரபுக் கட்டடங்களுக்கென்று ஓர் ஆணையம் அமைக்க 2012-லேயே நம் மாநிலத்தில் சட்டம் இயற்றப்பட்டது. இராமநாதபுரம் மாவட்டக் கடற்கரை ஊர்களில் இப்படிப்பட்ட வீடுகளைத் தெருத் தெருவாகப் படம் எடுத்து, அளந்து, ஒரு பட்டியல் போடுங்கள் என்பதே அரசிடம் என் வேண்டுகோள். சுண்ணாம்பு வேலை தெரிந்த வயதான கொத்தனார்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள், அவர்களையும் அந்த வேலையில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், கீழக்கரை