ஸ்னோமொபைல் ஓட்டுநர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, நிர்வாகக் குழுவினரே, உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

கடந்த ஆண்டின் செயல்பாடுகளை இப்பொதுக்குழுவின் முன் வைக்கிறேன். நிர்வாகக் குழு முறைப்படி கூடியது. கூட்ட நடவடிக்கைகள் பதிவேட்டில் உள்ளன. பாதை அறிவிப்புப் பலகைகளைப் புதுப்பிக்கும் பணி முடிந்துவிட்டது. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார். எனவே ஆண்டு முழுவதும் நாம் ஓயாமல் பேசிய விஷயத்துக்கே இவ்வறிக்கையின் பெரும்பகுதியை ஒதுக்குகிறேன். பனிமேல் ஓடும் நம் ஸ்னோமொபைல் வண்டிக்கு, உறைந்து இறுகிய பாதையில் எந்த ட்ராக் (வண்டியைத் தள்ளும் சுழல் ரப்பர் பட்டை), எவ்வளவு ஸ்டட் (அந்தப் பட்டையில் பதிக்கும் கூர்முனை ஆணி) என்பதே அது.

இந்தப் பருவத்தில் பெய்த பனி பகலில் உருகி, இரவில் மறுபடி உறைந்தது. வளைவுகள் எல்லாம் கண்ணாடியாகிவிட்டன. சறுக்கி விழுந்த உறுப்பினர்களுக்குப் பெரிய காயம் ஏதும் இல்லை என்பது ஆறுதல். அதன் பிறகே பயிற்சிக் கூட்டத்தை முன்கூட்டி நடத்தக் குழு முடிவு செய்தது.

வண்டி வேகமாகக் கிளம்பத்தான் ஸ்டட் என்று நம்மில் பலர் நினைத்திருந்தோம். ஆனால் ஸ்னோமொபைலில் பிரேக் வேலை செய்வது ட்ராக்கில் மட்டுமே. முன்னால் உள்ள ஸ்கீக்களுக்கு, அதாவது திசைதிருப்பும் சறுக்குப் பலகைகளுக்கு, பிரேக் கிடையாது. லீவரை அழுத்தினால் ட்ராக் நின்றுவிடும், வண்டி நிற்காது. ரப்பர் பனிக்கட்டியின்மேல் வழுக்கிக்கொண்டே போகும். ஆகவே ஸ்டட் வாங்க நினைப்பவர் முதலில் தன் வண்டி எவ்வளவு தூரத்தில் நிற்கிறது என்று பார்க்கட்டும். இதைத்தான் கூட்டத்தில் திரும்பத் திரும்பச் சொன்னோம்.

ட்ராக்கைப் பொறுத்தவரை, ரப்பரில் துருத்தி நிற்கும் பற்களின் உயரமே முதல் கேள்வி. 2 அங்குலமும் அதற்கு மேலும் உள்ள பற்கள் ஆழமான புதுப்பனிக்கானவை. இறுகிய பாதையில் அவை மடங்கும், சூடேறும், நாளடைவில் பிய்ந்தும் போகும். நம் பாதைகளுக்கு 1 முதல் 1.25 அங்குலம் போதும். நீளத்தில் 120, 121 அங்குல ட்ராக் வளைவில் இலகுவாகத் திரும்பும். 137 அங்குலத்துக்குத் தரையில் பிடிமானம் கூடுதல், மேடுபள்ளத்தையும் தாண்டிக் கொடுக்கும். இடையில் உள்ள 129 அங்குலம் பெரும்பாலானவர்களுக்குப் பொருந்தும் என்பது என் கருத்து. இதில் குழுவினர் எல்லோரும் என்னோடு உடன்படவில்லை என்பதையும் பதிவு செய்கிறேன்.

ஸ்டட் அடிக்கும் முன் ட்ராக் அதற்குத் தகுந்ததா என்று பார்ப்பது கட்டாயம். ஒற்றை அடுக்கு ட்ராக் ஸ்டட்டைத் தாங்காது. துளையிட்ட இடத்திலேயே கிழியத் தொடங்கும். ஸ்டட் போடலாம் என்று அனுமதிக்கப்பட்ட ட்ராக்குகளில் சில தயாரிப்பாளர்கள் அதற்கான குறியைப் பொறித்திருப்பார்கள். குறி இல்லையென்றால் கையேட்டைப் பார்க்காமல் துளைபோட வேண்டாம்.

ஸ்டட்டின் கார்பைட் என்னும் கடினப் பொருளாலான முனை ரப்பர் பல்லுக்கு மேல் கால் அங்குலம் முதல் 3/8 அங்குலம் வரை, அதாவது 6.4 முதல் 9.5 மில்லிமீட்டர் வரை நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். குறைந்தால் பனிக்கட்டியில் இறங்காது. கூடினால் ஸ்டட் வளையும், ரப்பரைக் கிழிக்கும், ட்ராக்குக்கு மேலே உள்ள டனல் என்னும் உலோகக் கூட்டையும், என்ஜினைக் குளிர்விக்கும் வெப்பமாற்றியையும் குத்தும். டனல் பாதுகாப்புப் பட்டை இல்லாமல் நீளமான ஸ்டட் போட்டால் குளிரூட்டும் திரவம் பாதையில் ஒழுகும் நாள் தொலைவில் இல்லை. ட்ராக் தளர்ந்திருந்தாலும் அதே ஆபத்துதான், எனவே இழுவிசையை அடிக்கடி சரிபார்க்க வேண்டும்.

எண்ணிக்கையில் 96, 144 என்ற அமைப்புகள் பரவலாக உள்ளன. குதிரைத்திறன் ஒன்றுக்கு ஒரு ஸ்டட் என்ற பழைய கணக்கும் உண்டு. எண்ணிக்கையைவிட அமைப்பு முக்கியம் என்பேன். எல்லா ஸ்டட்டும் ஒரே கோட்டில் வந்தால், முன்னது கீறிய பள்ளத்திலேயே பின்னது ஓடும், பிடிமானம் கிடைக்காது. ஒவ்வொன்றும் புதுப் பனிக்கட்டியைத் தொடும்படி பரப்பி அடிக்க வேண்டும்.

தொழிற்சாலையிலேயே பற்களில் சிறு ஸ்டட் பதித்து வரும் காம்சோ நிறுவனத்தின் ஐஸ் ரிப்பர் எக்ஸ்டி, ஐஸ் அட்டாக் எக்ஸ்டி போன்ற ட்ராக்குகள் பற்றியும் நிறையப் பேசினோம். துளை இல்லை, நட்டு போல்ட் இல்லை, எடையும் குறைவு. போல்ட் ஸ்டட் தரும் அளவுக்குப் பிடிக்காவிட்டாலும், வெறும் ரப்பரோடு ஒப்பிட்டால் நல்ல முன்னேற்றம். நிதானமாக ஓட்டும் குடும்பத்தினருக்கு இதையே பரிந்துரைக்கிறேன்.

பின்னால் ஸ்டட் கூடினால் முன்னால் ஸ்கீயின் பிடிமானமும் கூட வேண்டும். ஸ்கீக்கு அடியில் உள்ள கார்பைட் பட்டை பழையதாகவோ குட்டையாகவோ இருந்தால், ஹேண்டிலைத் திருப்பினாலும் ட்ராக் வண்டியை நேராகவே தள்ளிக்கொண்டு போகும். கார்பைட் மிகுதியானாலோ ஸ்டியரிங் கனத்து, கை வலிக்கும்.

இறுகிய பாதையில் பனித்தூள் மேலெழாது. வெப்பமாற்றியும், ட்ராக்கின் உட்புறம் உரசி ஓடும் பிளாஸ்டிக் ஸ்லைடர் பட்டையும் குளிர்வது அந்தத் தூளால்தான். அதனால் என்ஜின் சூடேறும், ஸ்லைடர் உருகும். பனிக்கட்டியைச் சுரண்டி மேலே தெறிக்கவிடும் ஸ்க்ராட்சரை ஒவ்வொரு வண்டியிலும் பொருத்துமாறு குழு கேட்டுக்கொள்கிறது.

வரும் ஆண்டுக்குக் குழு முன்வைக்கும் தீர்மானங்கள்: முதல் பனிக்கு முன் வண்டிகளைக் கூட்டாகப் பரிசோதித்தல்; ஸ்டட்டுக்குத் துளையிட வேண்டிய இடங்களைக் காட்டும் அச்சுப்பலகை ஒன்றைச் சங்கச் செலவில் வாங்கி உறுப்பினர்களுக்கு இரவல் தருதல்; ஸ்டட் போட்ட வண்டியைத் தூக்கி நிறுத்தி ஓடவிடும்போது, பின்புறத் தடுப்புள்ள அகலமான ஸ்டாண்டில் மட்டுமே ஓடவிடுதல். கழன்ற ஸ்டட் தோட்டா போலப் பறக்கும் என்பதால், எவரும் பின்னால் நிற்கக் கூடாது. தார்ச்சாலைப் பாதைகளில் ஸ்டட்டுக்குத் தடை உள்ள இடங்களும் உண்டு. வேறு பகுதிகளுக்குப் போகும் முன் அங்குள்ள விதியைக் கேட்டறிய வேண்டும்.

பாதைகளைச் சமன் செய்த தன்னார்வலர்களுக்கும், பயிற்சி தந்த மூத்த உறுப்பினர்களுக்கும் சங்கத்தின் நன்றி. இவ்வறிக்கையை ஏற்று, தீர்மானங்களை நிறைவேற்றித் தருமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்